பல்செட்டுக்காரரின் ஜீப்

அவர் டாக்டர் இல்லை. ஆனாலும் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போது "என்ன டாக்டர்" என்றால் "ம்" என்று மட்டும் சொல்கிறார். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் ப்ளாஸ்டர் அச்சுகளின் மேல் பல்செட்டு செய்து தருவது அவர் தொழில். ஊரில் எத்தனையோ பேருடைய சிரிப்பு அவர் கையால் ஆனது. அவர்களில் ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை.

வாசலில் போர்டு கிடையாது. முன்னறைதான் பட்டறை. மேஜைமேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, ஈறு நிறப் பொடி டப்பாக்கள், மஞ்சளின் பல சாயல்களில் அட்டையில் வரிசையாக ஒட்டிய பற்கள். ஜன்னலோரம் மெருகேற்றும் மோட்டார். அதன் முன்னால் ஒரு ஸ்டூல். இப்போது அதில் யாரும் உட்காருவதில்லை.

அது அவர் மனைவியின் இடம். கல்யாணமான புதிதில் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தவர், ஒரு நாள் தானே மெருகேற்றிப் பார்த்தார். அவர் மெருகேற்றிய பல்செட்டு நாக்கில் உறுத்துவதில்லை என்று டாக்டர்களிடமிருந்து சேதி வர, ஸ்டூல் அவருக்கே சொந்தமாகிவிட்டது. கணவர் டாக்டர் என்றால் மனைவி டாக்டரம்மாதானே. தெரு அப்படியே கூப்பிட்டது. சுழலும் துணிச்சக்கரத்தில் பல்செட்டை அழுத்தினால் ரோஜா நிறத் தூள் பறக்கும். டாக்டரம்மா மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். அது போதும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அப்படியே வருடங்கள் போயின.

முதலில் இருமல். அப்புறம் படியேறினால் நின்று நின்று மூச்சு வாங்குவது. அப்புறம் படுத்தால் அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவது. நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள போன தூள் இனிமே வெளிய வராதும்மா. கெட்ட இடம் கெட்டதுதான். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். புதுசா தூசி போகக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்."

"தூசி இல்லாத ஊர் எங்க சார் இருக்கு?" என்று பல்செட்டுக்காரர் கேட்டார்.

"அதை நீங்கதான் தேடணும்."

தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டாக்டரம்மாவின் தம்பி மலைமேல் மாடு வளர்க்கிறார். மேலே எப்போதும் ஈரமும் பச்சையும்தான். போய்ச் சேர்ந்துவிட்டால் தூசி என்ற பேச்சே இல்லை. போய்ச் சேருவதில்தான் சிக்கல். மலையடியோடு தார்ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மண்பாதை. வெயில் காலத்தில் மாவு மாதிரிப் புழுதி, மழைக்காலத்தில் சக்கரம் புதையும் சேறு. சாதாரணக் கார் போனால் நடுவழியில் வயிற்றைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டும்.

பல்செட்டுக்காரர் திட்டம் போட்டார். இருவரும் மேலே குடிபோவது. அவர் அங்கேயே, வீட்டுக்குத் தள்ளி ஒரு கொட்டகையில், தொழிலை வைத்துக்கொள்வது. வாரத்துக்கு ஒருமுறை இறங்கிவந்து புது அச்சுகளை வாங்கிக்கொண்டு, முடிந்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது. திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வண்டி மட்டும்தான் இல்லை. நல்ல வண்டி வாங்குகிற நிலை ஆஸ்பத்திரிச் செலவோடு போய்விட்டது.

மரக்கடை ஒன்றின் பின்புறம் ஒரு ஜீப் நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கொடி உள்ளே வளர்ந்து ஸ்டியரிங்கைச் சுற்றியிருந்தது. அதை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றி வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினார். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு கை அளவுக்குத் துரு பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணே, இதுல வண்டி எது, துரு எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இன்ஜின் சுத்துது. நான் பாத்துட்டுதான் வாங்கினேன்."

"இன்ஜின் சுத்தும். உக்கார எடம் வேணாமா?"

டாக்டரம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று பார்த்தார். பேசுவதற்கு முன் ஒரு மூச்சு, பேசிய பின் ஒரு மூச்சு. "இதுதான் என்னைக் கூட்டிட்டுப் போகப்போற வண்டியா? என்னைவிட இதுக்கு மூச்சு வாங்குதே." டிங்கர் சிரித்துவிட்டார். பல்செட்டுக்காரர் சிரிக்கவில்லை.

ஆரம்பம் நன்றாகவே போயிற்று. இன்ஜின் வேலை அவர் கைக்கு வசப்பட்டது. பல் இடுக்குக்கென்று செய்த ஊசிக் கம்பிகளால் கார்பரேட்டரின் கண்ணுக்குத் தெரியாத துளைகளையெல்லாம் சுத்தம் செய்தார். ஒரு காலை இன்ஜின் இருமிக் கறும்புகை கக்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. அவர் உள்ளே ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிவந்து கேட்க வைத்தார். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என்றால் இரண்டு பேர்.

அடுத்தது பாடி. துருவைச் சுரண்ட வேண்டும், கிரைண்டர் பிடிக்க வேண்டும், தகடு வெட்ட வேண்டும், பற்றவைக்க வேண்டும். ஒவ்வொன்றும் தூள், ஒவ்வொன்றும் புகை. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே கதவு. அதன்மேல் ஈரப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார். சாயங்காலம் அதைக் கழற்றினால் செங்கல் நிறத்தில் இருக்கும். டாக்டரம்மா பின்னறைக்கு இடம் மாறினார். அந்த அறையின் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டப்பட்டது. நல்ல காற்று வேண்டுமென்று வாங்கிய வண்டி, அவரைக் காற்றே வராத அறைக்குள் வைத்துவிட்டது. இது அவருக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். கொஞ்ச நாள்தானே என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள்.

"உங்க சின்ன வீடு குளிச்சாச்சா?" என்று அறைக்குள்ளிருந்து கேட்பார்.

"இன்னிக்கு வலது பக்கம் மட்டும்."

"எனக்கு ஒரு நாளாவது இப்படித் தேய்ச்சு விட்டிருப்பீங்களா?"

டிங்கருக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, நம்ம ஷெட்டுக்குத் தள்ளிட்டு வந்துடுங்க. எடம் கெடக்கு. இந்தத் தூள் அண்ணிக்கு ஆகாது."

"உன் ஷெட்டுக்கு வந்தா நீ கையை வெப்பே. துரு மேலயே தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடிச்சுக் குடுப்பே. எனக்கு ஒட்டு வேலை வேண்டாம்."

"ஓடினாப் போதாதா?"

"சொத்தையை ஒரு பொட்டு விட்டாக்கூட அடைச்சது நிக்காது. எந்தப் பல் டாக்டரை வேணாலும் கேட்டுப் பாரு."

 டிங்கருக்கு அப்போது வெளியூரில் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. பஸ் பாடி. கிளம்பிப் போய்விட்டார்.

தவறு நடந்தது அவர் இல்லாத நாட்களில்.

பல்செட்டு செய்பவருக்கு ஒரு வசதி உண்டு. கீழே எப்போதும் அச்சு இருக்கும். உடைந்த பல்செட்டின் கெட்ட பகுதியை முழுதாக வெட்டி எறிந்துவிட்டுச் சாப்பிடப் போகலாம், மறுநாள் வந்து தொடரலாம். ப்ளாஸ்டர் அசையாது. வாய் எந்த அகலமோ அந்த அகலத்திலேயே காத்துக்கொண்டிருக்கும். வாழ்நாள் முழுக்க அப்படி வேலை செய்த கை, ஜீப்பையும் அப்படியே தொட்டது. கூரையைக் கழற்றியாயிற்று. பாடியை அடிச்சட்டமான சேஸிலிருந்து தூக்கி மரக்கட்டைகள்மேல் வைத்தாயிற்று. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டங்கள், நடுவில் தரைத்தகடு எல்லாமே நனைந்த பிஸ்கட் மாதிரி இருந்தன. அவ்வளவையும் வெட்டி எடுத்தார். ஒரு பொட்டு விடவில்லை. வெட்டி முடித்துவிட்டு, இனி சொத்தை இல்லை என்று நிம்மதியாகக் கை கழுவினார்.

ஜீப்புக்கு அடியில் அப்படி ப்ளாஸ்டர் அச்சு எதுவும் இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அதனதன் தூரத்தில் பிடித்துவைத்திருந்தது அந்தத் துருப்பிடித்த தகடுகள்தான். கெட்டுப்போனதாக இருந்தாலும் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. அது போனதும் பாடி தன் எடையிலேயே மெல்ல விரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சத்தம் வரவில்லை. பார்த்தால் தெரியவும் இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வெட்டுவதற்கு முன்னால் கதவு வாயின் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் முடிந்துதான் மறுபக்கம் போவார்கள். அவருக்கு இதைச் சொல்ல அப்போது பக்கத்தில் ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

சரிந்த அளவுக்கே புதுத் தகடு வெட்டினார். பற்றவைத்த இடங்களை ஈறு மாதிரி வழுவழுவென்று தேய்த்தார். விரலை ஓட்டினால் ஒட்டு எங்கே என்று தெரியாது. பிரைமர் அடித்தார். பாடியைச் சேஸில் ஏற்றி, கூரையைப் பூட்டினார். கூரையின் போல்ட் துளைகள் சேராதபோதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று துளைகளை அகலமாக்கிக்கொண்டார். கடைசியில் கதவைக் கீலில் மாட்டி, மெதுவாகத் தள்ளினார்.

கதவு மூடவில்லை. கீழே உரசியது. மேலே இரண்டு விரல் நுழையும் சந்து. மறுபக்கக் கதவை மாட்டினார். அங்கே நேர்மாறு.

ஊர் திரும்பிய டிங்கர் பார்த்தார். முதலில் வெல்டிங்கைத் தடவிப் பாராட்டினார். பிறகு கதவைத் திறந்து மூடினார். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்னாலிருந்து பின்வரை பார்த்தார்.

"அண்ணே, வெட்டறப்ப குறுக்கே கம்பி வெச்சீங்களா?"

"எதுக்கு?"

டிங்கர் நிமிர்ந்து, கதவைவிட்டு விலகி நின்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பல்செட்டுக்காரருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"கதவைக் கொஞ்சம் தட்டிச் சரிபண்ண முடியாதா?"

"கதவுல ஒண்ணும் இல்லண்ணே. கதவு நேராத்தான் இருக்கு. வண்டிதான் கோணல். மறுபடியும் அடியிலேர்ந்து வெட்டி, சங்கிலி போட்டு இழுத்து நிமித்தணும். அந்தத் தூணுங்க தாங்குமான்னு சொல்ல முடியாது."

"வெட்டணுமா?"

"போட்ட அவ்வளவையும்."

வேறு வண்டியாக இருந்தால் கதவு கொஞ்சம் சரியாகச் சேரவில்லையென்றால் யாரும் சாகப்போவதில்லை. இந்த வண்டியின் வேலையே புழுதிப் பாதையில் ஒரு நோயாளியைப் புழுதி படாமல் கொண்டுபோவது. மூடாத கதவோடு அதனால் ஒரு உபயோகமும் இல்லை. அவர் இரண்டு சுற்று ரப்பர் ஒட்டிப் பார்த்தார். மேல்சந்தில் பஞ்சை அடைத்தார். கதவின் கீழ் ஓரத்தைத் தேய்த்தார். பின்னறையிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"டேப் போட்டு ஒட்டிடலாம். ஒரு தடவை போய்ச் சேந்துட்டாப் போதும், மத்ததை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று ஒரு நாள் அவர் சொன்னார்.  டாக்டரம்மா கட்டிக்கொள்ளப் புடவை எடுத்து வைத்தார்.

தம்பி மலையிலிருந்து இறங்கிவந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். தார்ரோடு முடியும் இடத்தில் நிறுத்தி, கதவுச் சந்துகள் எல்லாவற்றையும் உள்பக்கமாக அகல டேப் போட்டு ஒட்டினார்கள். டாக்டரம்மா ஈரத்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். வண்டி மண்பாதையில் ஏறியது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. நாலு சக்கரமும் பிடித்து இழுத்தன. முதல் வளைவைத் தாண்டியதும் பல்செட்டுக்காரர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிச்சி வந்தது.

"அத்தான், இங்க லேசா வருது" என்றார் பின்சீட்டில் இருந்த தம்பி.

"பஞ்சை அடை மாப்ளே."

"இங்கயும் வருது அத்தான்."

மேடு ஏற ஏறச் சட்டம் முறுகியது. முறுகிய இடமெல்லாம் டேப் விட்டுக்கொடுத்தது. ஓடுகிற வண்டி தன் பின்னால் கிளம்பும் புழுதியைத் தானே உறிஞ்சும். சிறு ஓட்டை போதும். உள்ளே முதலில் வெளிச்சம் மங்கியது. பிறகு பல்லில் மண் நறநறத்தது.  டாக்டரம்மா டேஷ்போர்டை உள்ளங்கையால் தட்டினார். மறுபடி தட்டினார். பல்செட்டுக்காரர் பிரேக் போட்டார். பின்னால் துரத்திவந்த புழுதி வண்டியைப் பிடித்துக்கொண்டு, முழுதாக மூடி, எல்லாச் சந்திலும் உள்ளே வந்தது. கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அவரே ஒட்டிய டேப். நகத்தால் கிழித்தார், பல்லால் கடித்தார், தம்பி பின்னாலிருந்து காலால் உதைத்தார். கதவு விட்டுக்கொடுத்தபோது டாக்டரம்மாவின் உதடுகள் சாம்பல் நிறமாக இருந்தன.

மேலேயிருந்து பால் வண்டி இறங்கி வந்துகொண்டிருந்தது. மலைமேல் கறக்கிற பாலை வாங்கிப்போகிற லாரி. வழி அடைத்து நின்ற ஜீப்பைப் பார்த்து டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன சார், பார்சல் மாதிரி ஒட்டி வெச்சிருக்கீங்க?"

பிறகு அந்தம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு விளையாட்டுப் பேச்சில்லை. குதித்து இறங்கி, அவரைத் தூக்கித் தன் கேபினில் உட்கார வைத்து, கதவைச் சாத்தினார். புழுதி வெளியே நின்றுவிட்டது. ஜீப்பை ஓரம் ஒதுக்கியதும் லாரி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. பல்செட்டுக்காரர் பின்னால் ஜீப்பில் வந்தார். கிழிந்த டேப் வழியெங்கும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "இந்தப் பால் வண்டி தினமும் மேல வந்து போகுது அத்தான். இதுலயே அனுப்புங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

சொன்னது உண்மை. என் பொண்டாட்டி என்ன பால் கேனா என்று அப்போது பல்செட்டுக்காரர் கோபித்துக்கொண்டதும் உண்மை. 

உடம்பு ஓரளவு தேறியதும் டாக்டரம்மா தானே முடிவெடுத்தார். கணவரைக் கட்டிலருகே உட்காரச் சொன்னார்.

"நான் பால் வண்டியில போறேங்க."

"ஒரு மாசம் பொறு. கதவைச் சரிபண்ணிடறேன்."

"கதவை நான் ஒண்ணும் சொல்லல." மூச்சு வாங்கினார். "எனக்கு ஒரு மாசம் இருக்கான்னு எனக்கே தெரியல."

"அப்படியெல்லாம் பேசாத."

"நீங்களும் ஏறுங்க. முன்னாடி மூணு பேர் உக்காரலாம். அந்த டிரைவரைக் கேட்டுட்டேன்."

"நீ முன்னாடி போ. நான் வண்டியோட வரேன்."

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி," என்றார். "சின்ன வீட்டை விட்டுட்டு வர மனசு வராது உங்களுக்கு." சிரிக்கப் பார்த்து இருமினார்.

டாக்டரம்மா பால் வண்டியில் மலைக்குப் போனார். சில நாள் கழித்துப் போனில், "நேத்து ராத்திரி படுத்துத் தூங்கினேங்க" என்றார். பல்செட்டுக்காரர் தெருமுனைக்கு ஓடிப்போய் டிங்கரிடம் அதைச் சொன்னார். சொன்ன கையோடு, "வா, வெட்டிடலாம்" என்றார்.

இந்த முறை கம்பி வைத்தார்கள். டிங்கர் சொன்னபடி ஒரு பக்கமாக வெட்டினார்கள். கெட்ட வேலையாக இருந்தால் சுலபமாகப் பிரிந்திருக்கும். அவர் போட்ட வெல்டிங் அவருக்கே எதிரியாக நின்றது. வெட்டி முடித்துச் சங்கிலி போட்டு இழுத்தபோது, கதவுத் தூண் நிமிருவதற்குப் பதில் அடியோடு கிழிந்தது. உள்பக்கம் வெறும் துரு. வெளியே பெயின்ட் மட்டும் நின்றிருந்தது. தூணை மாற்றப் போனால் அது பிடித்திருந்த மேல்சட்டம் கையோடு வந்தது. ஒவ்வொரு கெட்ட இடத்துக்குப் பின்னாலும் இன்னொன்று இருந்தது. அச்சுகள் முன்னறை மேஜையில் பிரிக்கப்படாமல் குவிந்தன. "ஒருத்தர் பல் இல்லாம உக்காந்திருக்கார் சார், கொஞ்சம் பாருங்க" என்று கிளினிக்குகளிலிருந்து போன் வந்தது. பிறகு போனும் குறைந்தது.

மலையிலிருந்து வரும் பேச்சும் சுருங்கியது. கோபமில்லை. பேச மூச்சு இல்லை. நெஞ்சு டாக்டர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நல்ல காற்று, இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். போனதைத் திருப்பித் தராது. வாய் திறந்து பேசுகிற வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டார்.

"அத்தான், கிளம்பி வாங்க. அக்கா உங்களைக் கேக்குது."

"தூண் ரெண்டும் வெச்சாச்சு மாப்ளே. கதவு மட்டும் உக்காந்துட்டா..."

"கதவையா அத்தான் கட்டிக்கிட்டீங்க?"

அன்று அவர் போனை வைத்துவிட்டு ஷெட்டில் கிரைண்டரைத் தொடாமல் உட்கார்ந்தார். டிங்கர்தான் பக்கத்தில் இருந்தார். "போய்ட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன். வண்டி எங்கயும் ஓடிடாது" என்றார். அது வேடிக்கையாகச் சொன்னதில்லை. இருவருக்கும் அது வேடிக்கையாகவும் படவில்லை.

"போய் என்ன பண்றது?" என்றார் பல்செட்டுக்காரர். "அந்த மோட்டார் முன்னாடி அவளை உக்கார வெச்சது நான். கை நல்லா இருக்குன்னு உக்கார வெச்சேன். இப்ப வெறுங்கையை வீசிட்டுப் போய், அவ மூச்சை இழுக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும். இங்க இருந்தா அவளுக்காக ஏதோ பண்றேன்னு இருக்கு."

"அண்ணிக்கு அது வேணாம்ணே. நீங்க வந்தாப் போதும்."

"அது எனக்கும் தெரியும்டா."

இருந்தாலும் அந்தப் பேச்சு உள்ளே ஏதோ செய்திருக்க வேண்டும். அடுத்த நாள் காலை குளித்து, முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டிங்கர் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. மனைவிக்கு மருந்து, கம்பளிச் சட்டை, மூச்சு இழுக்கும் பம்ப். டிங்கர் கேள்வி எதுவும் கேட்காமல் பைக்கை எடுத்தார். கேட்டால் மனம் மாறிவிடுமோ என்று பயம். பால் வண்டி காலிக் கேன்களோடு கிளம்பும் டிப்போவுக்குப் போகும் வழியில், டிங்கர் ஒரு கடையில் நிறுத்தி மலைக்குப் போன் போட்டு, "அண்ணே வராரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

டிரைவருக்கு அவரை நினைவிருந்தது. "ஏறுங்க சார். உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்க. வாசல்ல சேர் போட்டு உக்காந்திருப்பாங்க, நான் ஹாரன் அடிச்சா கையைத் தூக்குவாங்க."

பல்செட்டுக்காரர் கேபின் கதவைத் திறந்தார். ஏறவில்லை. மூடினார். 'டப்' என்று அடக்கமான ஒரு சத்தம். மறுபடி திறந்து மூடினார். அதே சத்தம். கதவோரம் ஓடிய ரப்பரை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். அவர் விரல் அப்படிப் போவதை டிங்கர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

"இந்த ரப்பர் எப்ப மாத்தினது?"

"மாத்தினதே இல்ல சார். வண்டியோட வந்தது."

"நல்லா மூடுது."

"கதவுன்னா மூடத்தானே சார் செய்யும்," என்று டிரைவர் சிரித்தார். ஜீப் கதவு பட்ட பாடு அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது மட்டும்தான் தெரியும்.

பல்செட்டுக்காரர் பையைச் சீட்டில் வைத்தார். அதை நேராக நிமிர்த்தி வைத்தார். பிறகு பின்னால் நகர்ந்தார்.

"இதை அவங்ககிட்ட குடுத்துடுங்க."

"நீங்க?"

"நாளைக்கு வரேன். நாளைக்கும் வருவீங்கல்ல?"

"தினமும் இங்கதான் சார் நிப்பேன்."

"அப்பச் சரி."

லாரி கிளம்பிப் போயிற்று. காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் தெருத் திரும்பும்வரை கேட்டது. டிங்கருக்கு அவரைக் கையைப் பிடித்து ஏற்றியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றவில்லை.  வீட்டுக்கு வந்ததும் பல்செட்டுக்காரர் சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஷெட்டுக்குப் போனார். கிரைண்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

டிங்கர் போக மனசில்லாமல் முன்னறையில் நின்றிருந்தபோது, மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"ஏறிட்டாரா?" டாக்டரம்மாவின் குரல். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரு நீண்ட இழுப்பு.

டிங்கருக்குப் பொய் வாயில் வந்தது. சொல்ல முடியவில்லை. "இல்ல அண்ணி. நாளைக்குன்னு சொல்றாரு."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போனது, வெளியே வந்தது. பின்னால் எங்கோ ஒரு மாடு கத்தியது. ஷெட்டுச் சத்தம் போன் வழியாக அங்கேயும் போயிருக்க வேண்டும்.

"வேலை நடக்குது போல."

"ஆமா அண்ணி."

"மாஸ்க் போட்டிருக்காரா பாருங்க தம்பி," என்றார். ஒரு மூச்சு. "இல்லன்னா போட்டுக்கச் சொல்லுங்க."

டிங்கர் ஈர விரிப்பை விலக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். பகல் வெளிச்சத்தில் தூள் திரை மாதிரித் தடிமனாக நின்றது. கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கத்தி, அண்ணி சொன்னதைச் சொன்னார். பல்செட்டுக்காரர் காதில் விழுந்ததற்கு அடையாளமாகத் தலையை ஆட்டினார். மாஸ்க் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் கிரைண்டர் இருந்தது.